கம்பியை உதறிய ஒலிவாங்கி

கீழச்சிவல்பட்டியிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து படிக்கும் மாணவர் ஒருவர், ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "சார், இதைக் கொஞ்சம் கேளுங்க" என்றார். அவருடைய அப்பத்தா தாலாட்டுப் பாடிய பதிவு அது. அப்பத்தாவுக்கு வயது எண்பத்து நான்கு. அவர் பாடும் பாட்டுகள் எந்த ஏட்டிலும் இல்லை. தம் தாயிடம் கேட்டவை, இடையிடையே தாமே கட்டிச் சேர்த்தவை. வீட்டில் பேரன் பிள்ளை தொட்டிலில் கிடந்த நேரத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். படம் வெகு தெளிவு. தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, ஆடும் தொட்டில் எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் பாட்டில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதைப் போட்டுக் கேட்ட அப்பத்தாவே, "என்னப்பா, கெணத்துக்குள்ள உக்காந்து பாடுற மாதிரியில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டாராம்.

"எந்த வயர்லெஸ் மைக் வாங்கலாம், சார்?" என்பது மாணவரின் கேள்வி.

விலைப் பட்டியலைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அப்பத்தா சொன்ன கிணறு என்னை விடவில்லை. அவர் சொன்னது சரியான இயற்பியல். அந்தக் கிணற்றிலிருந்து மனிதக் குரலை வெளியே எடுக்க ஒரு நூற்றாண்டாக என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். அதில் ஒரு முக்கியமான பகுதி நம் காரைக்குடியோடு தொடர்புடையது. கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அந்தக் கதை தெரிந்திருப்பது நல்லது.

கிணற்றின் கணக்கு

ஓர் அறையில் ஒருவர் பேசும்போது ஒலிவாங்கியை, அதாவது மைக்கை, இரண்டு வகை ஒலி வந்தடைகிறது. ஒன்று வாயிலிருந்து நேராக வருவது. மற்றொன்று சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதி மோதித் திரும்பி வருவது. நேரொலி, தூரத்தின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். திரும்பி வரும் ஒலியோ அப்படிக் குறைவதில்லை. அறை முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவாக நிரம்பி நிற்கும்.

இந்த முழக்கம் அடங்க எவ்வளவு நேரமாகும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895ஆம் ஆண்டில் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே விளங்கவில்லை என்று புகார் எழ, இளம் ஆசிரியரான அவரிடம் அந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. இரவு நேரங்களில் ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து நிறுத்தி, தம் காதையும் நேரமானியையும் மட்டும் துணையாகக் கொண்டு அளந்தார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, மறுபடியும் அளந்தார். கிடைத்த விதி எளிமையானது: அறையின் கன அளவை மீட்டரில் எடுத்து, 0.161 ஆல் பெருக்கி, அறையில் ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் முழக்கம் அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும்.

செட்டிநாட்டு வீடொன்றின் கூடத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். நீளம் 12 மீட்டர், அகலம் 6, உயரம் 5 என்று வைத்துக்கொண்டால் கன அளவு 360. கைக்கு வழுக்கும்படி தேய்த்த சுண்ணாம்புச் சுவர், சிமெண்டுக் கல் தரை, கருங்கல் தூண் ஆகியவை ஒலியை விழுங்குவதே இல்லை எனலாம். வளவின் திறந்த வெளி, கதவுகள், அமர்ந்திருக்கும் சிலர் எல்லாம் சேர்ந்து 20 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுவதாக ஒரு மதிப்பு கொள்வோம். 360ஐ 0.161 ஆல் பெருக்கி 20 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.9 விநாடி. பேச்சுக்கு 1 விநாடியே அதிகம். விநாடிக்கு நாலைந்து அசைகள் பாடுபவரின் பாட்டில், ஒரு டஜன் அசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். இதுதான் கிணறு.

இந்தக் கூடத்தில் நேரொலியும் முழக்கமும் சம அளவாக இருக்கும் தூரம் சுமார் 90 சென்டிமீட்டர் என்று கணக்கு சொல்கிறது. மாணவரின் கைப்பேசி 3 மீட்டர் தள்ளி நின்றது. அங்கே நேரொலி, முழக்கத்தில் பதினொன்றில் ஒரு பங்கு மட்டுமே. அதே ஒலிவாங்கியை வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் வைத்தால் நேரொலி முழக்கத்தைப் போல 20 மடங்கு ஆகிவிடும். எந்த விலை உயர்ந்த ஒலிவாங்கியும் 3 மீட்டரில் நின்றுகொண்டு இந்த வேறுபாட்டை ஈடுகட்ட முடியாது. ஒலிப்பதிவில் முதல் கேள்வி எந்த மைக் என்பதன்று, எவ்வளவு பக்கத்தில் என்பதே.

பக்கத்தில் வைத்தால் படத்தில் தெரியுமே! ஆடும் தொட்டிலோடு ஆளும் அசைகிறாரே! இந்தத் தொல்லையை மாணவருக்கு முன்பே பேசும்படக்காரர்கள் அனுபவித்தார்கள்.

பூந்தொட்டிக்குள் ஒளிந்த மைக்

1931 மார்ச் 14 அன்று பம்பாயில் வெளிவந்த 'ஆலம் ஆரா' இந்தியாவின் முதல் பேசும்படம். அதே அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம் தயாரித்த 'காளிதாஸ்' அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளிவந்து முதல் தமிழ்ப் பேசும்படம் என்று பெயர் பெற்றது. அன்று படமும் ஒலியும் ஒரே நேரத்தில் ஒரே பிலிமில் பதிவாயின. பின்னால் திருத்தும் பேச்சுக்கே இடமில்லை. படப்பிடிப்பு நிலையத்துக்கு அருகிலேயே ரயில் பாதை. ஆகவே ரயில் ஓடாத பின்னிரவில் படம் பிடித்தார்கள். ஒலிவாங்கிகளைக் காமிராவின் கண்ணில் படாத, யாரும் எதிர்பாராத இடங்களில் ஒளித்து வைத்ததாக இரானி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். நடிகர்கள் அந்த மறைவிடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் குரல் போய்விடும். பூந்தொட்டியைப் பார்த்தே காதல் வசனம் பேச வேண்டிய நிலைமை! அக்காலப் படங்களில் நடிகர்கள் நட்டு வைத்த மரம் போல நிற்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவர்களைக் கட்டிப்போட்டது இருமடி எதிர் விகித விதி.

சென்னையில் பேசும்படம் எடுக்கும் வசதி 1934இல் வந்தது. ஏ. நாராயணன் நிறுவிய சீனிவாச சினிடோனில் உருவான 'சீனிவாச கல்யாணம்' சென்னையிலேயே எடுக்கப்பட்ட முதல் பேசும்படம். அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன். ஒலிப்பொறியியலில் இறங்கிய முதல் இந்தியப் பெண்மணி இவர் என்பது ஏனோ நம் பள்ளிப் புத்தகங்களில் இடம்பெறவில்லை.

காரைக்குடி கண்ட வழி

காரைக்குடியில் 1907இல் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் ஒலியின் வழியாகத்தான் படத்துக்கு வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1930களின் தொடக்கத்தில் அவர் கூட்டாளிகளோடு சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், கிராமபோன் இசைத்தட்டு வாணிபம் செய்தது. இசைத்தட்டுப் பதிவில் பாடகர் ஒலிவாங்கியின் முன்னால் நின்று பாடுகிறார்; முகத்தை யாரும் பார்ப்பதில்லை. படத்தில் முகம் வேண்டும். ஆனால் முகம் வந்ததும் மைக் விலகிப் போய்விடுகிறது. இசைத்தட்டின் தெளிவைக் கேட்டுப் பழகிய காதுக்குப் படத்தின் ஒலி எப்படிப் பட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

இதற்கு இந்தியா கண்ட விடை பின்னணிப் பாட்டு. 1935இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸில் நிதின் போஸ் இயக்கிய வங்காளப் படம் 'பாக்ய சக்ரா'விலும் அதன் இந்தி வடிவமான 'தூப் சாவ்(ங்)'விலும் பாட்டை முன்கூட்டியே பதிவு செய்து, பிறகு அதை ஒலிக்க விட்டு நடிக்க வைத்தார்கள். தமிழில் இந்த முறையைக் கொண்டுவந்த படமாக மெய்யப்பச் செட்டியாரின் 'நந்தகுமார்' (1938) சொல்லப்படுகிறது. அதில் நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகி குரல் கொடுத்தார். சிறுவன் டி.ஆர். மகாலிங்கம் கிருஷ்ணனாக நடித்த படமும் அதுவே.

அதன் பிறகு அவர் குரலையும் உடலையும் தனித்தனியாகக் கையாள்வதில் மேலும் மேலும் துணிந்தார். கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழில் குரல் மாற்றி 1944இல் வெளியிட்டார். 'ஸ்ரீவள்ளி'யில் (1945) இன்னும் கடினமான வேலை. வள்ளியாக நடித்த ருக்மிணி தாமே பாடியிருந்தார். அது மனநிறைவு தரவில்லை. படம் பிடித்து முடிந்த பிறகு, திரையில் அசையும் உதடுகளைப் பார்த்துப் பார்த்து பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து அந்தக் குரலைப் பொருத்தினார்கள். இன்று கணிப்பொறியில் இழுத்து நகர்த்திவிடும் வேலை. அன்று ஒளிவழி ஒலிப்பதிவு. பிலிம் விநாடிக்கு 24 கட்டங்கள் ஓடும். இரண்டு மூன்று கட்டம் பிசகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். அதாவது விநாடியில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவான பிழைக்குள் ஒரு பாடகி முழுப் பாட்டையும் பாடி முடிக்க வேண்டும்.

போர்க்காலத்தில் சென்னையில் படநிலையத்துக்கு மின்சாரம் பெறுவது அரிதாக இருந்ததால், அவர் சொந்த ஊரான காரைக்குடியின் தேவகோட்டை ரஸ்தாப் பகுதியில் ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துப் படநிலையம் அமைத்தார். 1945 அக்டோபரில் ஏவி.எம். என்ற பெயர் பிறந்தது. ப. நீலகண்டனின் நாடகத்தைத் தழுவிய 'நாம் இருவர்' அங்கே எடுக்கப்பட்டு 1947இல் வெளிவந்தது. பாரதியார் பாடல்களைத் திரையில் டி.கே. பட்டம்மாள் பாட, நடனமாடியவர் சிறுமி கமலா. பாடுபவர் மைக்கை விட்டு அசையவில்லை. ஆடுபவர் மைக்கைப் பற்றி நினைக்கவே இல்லை. 90 சென்டிமீட்டர்ச் சிக்கலுக்கு இதைவிட முழுமையான தீர்வு கிடையாது. 1948இல் படநிலையம் வடபழனிக்குப் போயிற்று.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பாட்டில் தொடங்கிய இந்தப் பழக்கம் வசனத்துக்கும் பரவி, பிற்காலத்தில் இரைச்சலிடும் காமிராக்களைக் கொண்டு வெளிப்புறத்தில் படம் பிடிப்பது, பிறகு அறைக்குள் குரல் சேர்ப்பது என்பதே வழக்கமாகிவிட்டது. நம் படங்களில் பல்லாண்டுகள் வயல்வெளியில் பேசியவர்களும் அறைக்குள் பேசியவர்களும் ஒரே மாதிரி ஒலித்தார்கள். 2001இல் 'லகான்', 2004இல் தமிழில் 'விருமாண்டி' போன்ற படங்கள் படப்பிடிப்பு இடத்திலேயே ஒலியைப் பதிவு செய்ய முனைந்தபோது அது புதுமையாகப் பேசப்பட்டது. நம் தாத்தாக்கள் 1931இல் செய்ததும் அதுவேதான்! இடையில் மாறியது ஒன்று: மைக் பூந்தொட்டியை விட்டு நடிகரின் சட்டைக்குள் வந்துவிட்டது.

சட்டைக்குள் ஒரு வானொலி நிலையம்

அந்த வழியைத் திறந்தவை இரண்டு கண்டுபிடிப்புகள். 1916இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வென்டி என்பவர் மின்தேக்கி ஒலிவாங்கியை உருவாக்கினார். ஒரு மெல்லிய தகடு ஒலிக்கேற்ப அதிர, அதற்கும் பின்னால் உள்ள தட்டுக்கும் இடையே மின்தேக்குதிறன் மாறும். தெளிவு அருமை, ஆனால் தட்டுகளுக்கு வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் செஸ்லர், வெஸ்ட் என்ற இருவர், மின்னூட்டத்தை நிலையாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் மெல்லிய நெகிழித் தாளைக் கொண்டு எலக்ட்ரெட் ஒலிவாங்கியைச் செய்தார்கள். உயர் மின்னழுத்தம் தேவையில்லை. சட்டைப் பொத்தான் அளவில் செய்யலாம். அண்மைக் காலம் வரை உலகில் விற்ற ஒலிவாங்கிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையே.

கம்பியை அறுக்கும் முயற்சி அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1953இல் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் வால்வுகளால் இயங்கும் 'வேகபாண்ட்' என்ற கம்பியில்லா ஒலிவாங்கியை விற்றது. 1950களின் இறுதியில் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வானொலி, தொலைக்காட்சிக்காக 'மைக்ரோபோர்ட்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. இவை யாவும் சின்னஞ்சிறு பண்பலை வானொலி நிலையங்கள் என்று கொள்ளலாம். குரல் ஓர் ஊர்தி அலையின் அதிர்வெண்ணைக் கூட்டியும் குறைத்தும் அசைக்கிறது. ஏற்பி அந்த அசைவை மீண்டும் குரலாக்குகிறது.

ஆனால் கம்பியில்லா ஒலிவாங்கிக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு நடிகரின் பிடிவாதம். 1964இல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி' படத்தின் நாயகர் ரெக்ஸ் ஹாரிசன், பாட்டுகளை முன்பதிவு செய்து உதடசைக்க ஒப்பவில்லை. அவர் பாட்டைப் பேசுவது போலச் சொல்பவர். ஒரு தடவை சொன்ன மாதிரி மறு தடவை சொல்வதில்லை. பின்னணி முறை அவரிடம் தோற்றது. வேறு வழியின்றி அவருடைய கழுத்துப் பட்டையில் ஒலிவாங்கியை மறைத்து, உடைக்குள் அலைபரப்பியை வைத்துப் பதிவு செய்தார்கள். அக்கம்பக்கத்துக் காவல்துறை வாகனங்களின் பேச்சு இடையே புகுந்து தொல்லை தந்ததாகச் சொல்வதுண்டு. அந்தப் படத்துக்கு அவ்வாண்டின் ஒலிப்பதிவு ஆஸ்கார் கிடைத்தது. ஆக, நகரும் குரலுக்குக் காரைக்குடி ஒரு விடை கண்டது, ஹாலிவுட் மற்றொரு விடை கண்டது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பாடக்கூடியவருக்கு முன்னது. அப்படிப் பாடாதவருக்குப் பின்னது.

இங்கேதான் எனக்கு அப்பத்தாவின் நினைவு வந்தது. தாலாட்டு ஒவ்வொரு முறையும் மாறும். எந்தப் பிள்ளை தொட்டிலில் கிடக்கிறதோ அதன் தாய்மாமன்களின் பெயர் வரும். பிள்ளை சிணுங்கினால் ஓர் அடி கூடும், தூங்கினால் ஓர் அடி குறையும். அவரை மைக்கின் முன்னால் உட்கார வைத்து, "பாடுங்க அப்பத்தா" என்றால் பாட்டு வராது. தொட்டில் கயிறு கையில் இருக்க வேண்டும்.

அலைவெளியில் இடநெருக்கடி

கம்பி போனதும் வேறொரு சிக்கல் வந்தது. கம்பி என்பது ஒருவருக்கே உரிய பாதை. காற்றுவெளி எல்லாருக்கும் பொது. 200 மெகாஹெர்ட்ஸ் அளவில் அலைநீளம் 1.5 மீட்டர், கால் அலைநீளத்துக்கு உணர்கொம்பு வைத்தாலும் 37 சென்டிமீட்டர் தொங்கும். 600 மெகாஹெர்ட்ஸில் அது 12.5 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. ஆகவே தொழில்முறைக் கருவிகள் தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடங்களில் குடியேறின. பிறகு கைப்பேசி வந்தது; அந்த இடங்களை ஏலம் கேட்டது. அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒலிவாங்கி இயக்குவது 2010 ஜூன் 12 முதல் தடை செய்யப்பட்டது. நம் நாட்டில் அதே 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் நாடு முழுவதற்குமாக விற்பனையானது. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவோர் அதன் முதுகில் எழுதியுள்ள அதிர்வெண்ணை முதலில் படிக்க வேண்டும். இந்தியாவில் அலைபரப்பும் எதற்கும் உரிமம் வேண்டும் என்று 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமே சொல்லியது. விலக்கு அளிக்கப்பட்ட பகுதிகள் சிலவே.

அந்த விலக்குகளில் ஒன்றுதான் இன்றைய காணொளிக்காரர்களை வாழவைக்கிறது. 2005இல் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி, குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. ஒய்-ஃபை, புளூடூத் எல்லாம் அங்கேதான். 2019இல் ரோடு என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் தீப்பெட்டி போன்ற ஒரு கருவியை இப்பகுதியில் இயங்குமாறு செய்து விற்ற பிறகு, பல நிறுவனங்கள் அதே பாதையில் இறங்கின. இவை பண்பலை நிலையங்கள் அல்ல. குரலை விநாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 இலக்க இரும எண்ணாக எழுதினால் விநாடிக்கு 11 இலட்சத்து 52 ஆயிரம் இலக்கங்கள் ஆகின்றன. அவற்றைச் சுருக்கியோ சுருக்காமலோ சிறு பொட்டலங்களாகக் கட்டி, அதிர்வெண் விட்டு அதிர்வெண் தாவி அனுப்புகின்றன.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பத்தார் 2018இல் தொடங்கிய சமையல் காணொளி 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டதை நாம் அறிவோம். இன்று ஊருக்கு ஊர் காமிராவும் கையுமாக இளைஞர்கள் கிளம்பியிருப்பதில் வியப்பில்லை. அவர்கள் எல்லாரும் இந்த 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சந்துக்குள்தான் கூடுகிறார்கள். கல்யாண வீட்டில் ஐந்நூறு கைப்பேசிகளுக்கு நடுவே மைக் விட்டுவிட்டுக் கேட்பதன் காரணம் இதுவே.

இன்னொரு காரணம் நம் உடம்பு. 2400 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். நுண்ணலை அடுப்பு உணவைச் சூடாக்குவதும் ஏறத்தாழ இதே அதிர்வெண்ணில்தான்; நீர் நிறைந்த எதுவும் இந்த அலையை விழுங்கும். மனித உடம்பு பெரும்பாலும் நீர். பேசுபவர் முதுகைக் காட்டித் திரும்பினால் அலைபரப்பிக்கும் ஏற்பிக்கும் நடுவே ஒரு தண்ணீர்ப் பானை நிற்பதாகக் கொள்ளலாம். பெட்டியின் மேல் 200 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது, தடையே இல்லாத வெட்டவெளிக்கு.

மூன்று பதிவுகள்

முதல் பதிவு பாழானது தூரத்தால் என்று கண்டோம். ஆகவே மாணவர், நண்பர் ஒருவரிடமிருந்து சட்டையில் குத்தும் கருவியை இரவல் வாங்கிச் சென்றார். இரண்டாம் பதிவு பாழானதற்கு நானே பொறுப்பு.

அக்கருவியில் இரைச்சல் நீக்கும் வசதி ஒன்று இருந்தது. வளவில் காகமும் தெருவில் வண்டியும் கேட்குமே என்று எண்ணி, "அதைப் போட்டுவிடப்பா" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். பதிவைக் கேட்டபோது சொற்கள் கண்ணாடி போல இருந்தன. ஆனால் அடிகளுக்கு இடையே அப்பத்தா இழுக்கும் முனகல், தொட்டில் பிள்ளையைத் தூங்க வைக்கும் அந்த நீண்ட 'ரோ'காரம், முழுவதும் காணாமற் போயிருந்தது. பாதியில் தொண்டையைப் பிடித்தாற்போல அறுபட்டு அறுபட்டு நின்றது. யோசித்தால் காரணம் விளங்குகிறது. அந்த வசதி எது பேச்சு, எது இரைச்சல் என்று பிரிக்கப் பழக்கப்பட்டது. விட்டுவிட்டு வருவது பேச்சு. மாறாமல் நீடிப்பது மின்விசிறி, மோட்டார் என்று அது எண்ணுகிறது. நீட்டி இசைக்கும் மனிதக் குரலை அது மோட்டாரோடு சேர்த்துவிட்டது. தாலாட்டிலிருந்து தாலாட்டை நீக்கிவிட்டது! பாட்டுக்கோ நாதசுரத்துக்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதை நான் பட்டு அறிந்தேன். நீக்கப்பட்டது நீக்கப்பட்டதுதான், திரும்பக் கொண்டுவர முடியாது.

போதாதற்கு இரண்டு குறைகள். அப்பத்தா தொட்டில் பக்கம் திரும்பும்போதெல்லாம் குரல் அறுந்தது. ஏற்பி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கஞ்சி போட்ட கண்டாங்கிச் சேலையில் குத்தியிருந்ததால் அசையும்தோறும் சரசரப்பு. ஒலிவாங்கியின் தகட்டுக்குச் சேலையின் உரசல் இடி முழக்கத்துக்கு ஒப்பானது. அதை எந்தக் கருவியாலும் நீக்க முடியாது.

ஆகவே வாங்கும்போது நாங்கள் பார்த்தவை இவை. கருவிக்குள்ளேயே பதிவாகும் நினைவகம் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அலை அறுந்தால் அறுந்துபோகட்டும். சட்டையில் இருக்கும் பெட்டிக்குள் குரல் முழுமையாக இருக்கும். என் எண்ணத்தில், ஒரே ஒரு முறை நிகழ்வதைப் பதிவு செய்பவருக்கு மற்ற எல்லா வசதிகளையும்விட இதுவே பெரிது. 32 இலக்க மிதவைப் புள்ளிப் பதிவு இருந்தால் இன்னும் நல்லது. மெல்லிய முனகலும் திடீரென எழும் உரத்த குரலும் ஒரே பதிவில் சிதையாமல் அடங்கும். இரைச்சல் நீக்கியை அடியோடு நிறுத்த முடிய வேண்டும். பெட்டியையே குத்தாமல், சிறு கம்பியில் பொத்தான் மைக்கைத் தனியே செருகும் துளை இருந்தால் சேலைக்குத் தோதாக இருக்கும். தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதல் பெற்றதா என்று கேட்க வேண்டும். இரண்டு உணர்கொம்புள்ள ஏற்பி நலம்: சுவரில் மோதி வரும் அலையும் நேரே வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளிகள் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளியில் மாறி மாறி வருவதால், ஒரு கொம்பு குருடாகும்போது மற்றொன்று பார்க்கும். தூரம் எத்தனை மீட்டர் என்பதை நாங்கள் கேட்கவே இல்லை. காலத் தாமதத்தையும் பொருட்படுத்தவில்லை. சில மில்லி விநாடிகள்தான், 3 மீட்டர் தள்ளி நின்று கேட்டாலே ஒலி 9 மில்லி விநாடி பிந்தித்தானே வருகிறது?

மின்கலம் பற்றி ஒரு சொல். பழைய கம்பியில்லா ஒலிவாங்கிகள் 9 வோல்ட் மின்கலங்களை விழுங்கித் தீர்க்கும். 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலமே இன்றைய தீப்பெட்டிக் கருவியைச் சாத்தியமாக்கியது. அந்த வகை மின்கலங்களை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பொருளிலும் எழுந்த அந்நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1948 ஜூலை 25 அன்று. படநிலையம் ஊரை விட்டுப் போன அதே ஆண்டு.

மூன்றாம் பதிவுக்கு நானும் கீழச்சிவல்பட்டிக்குப் போனேன். கூடத்தின் நடுவிலிருந்து தொட்டிலை வளவின் ஓரத்துக்கு மாற்றினோம். வானம் திறந்த பக்கம் ஒலி திரும்பி வராது. பின்சுவரில் இரண்டு சமுக்காளங்களைத் தொங்கவிட்டோம், சபைனின் மெத்தைகளுக்குப் பதிலாக. பொத்தான் மைக்கை ரவிக்கையின் கழுத்தோரம் மாணவரின் தாயார் பொருத்தி, கம்பியைத் தோளில் ஒட்டுப்போட்டு நிறுத்தினார். ஏற்பி தொட்டிலுக்கு அப்பால், அப்பத்தாவின் முகத்துக்கு நேராக. "இதுல என்னத்தப்பா இருக்கு, இம்புட்டுக்காணுதான் இருக்கு" என்று பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் கயிற்றைப் பிடித்தார். பதினேழு நிமிடம் பாடினார். முதல் பதிவில் இல்லாத இரண்டு மாமன் பெயர்கள் இதில் வந்தன. முதலில் இருந்த ஒரு கண்ணி இதில் வரவில்லை. உத்தரத்துக் கொக்கியில் தொட்டில் கயிறு கிறீச்சிடுவது பதிவு முழுவதும் கேட்கிறது. எண்ணெய் விடலாமா என்று மாணவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.